மனப்பாடம் செய்த ஆங்கிலத் தொடர்கள் பேச்சில் ஏன் பிசகுகின்றன?

கேள்வி: நான் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். ஆங்கிலத்தில் தயக்கமின்றிப் பேச வேண்டும் என்பதற்காக, அன்றாடப் பேச்சில் அடிக்கடி வரும் நூறு சொற்றொடர் அமைப்புகளைத் தமிழ்ப் பொருளுடன் மனப்பாடம் செய்தேன். "யூஸ்ட் டு", "வுட் ராதர்", "ஹேட் பெட்டர்", "சப்போஸ்ட் டு" என்று எதைக் கேட்டாலும் பொருள் சொல்லிவிடுவேன். ஆனால் பேசும்போது வாக்கியம் சரியாக அமைவதில்லை. சென்ற வாரம் மேலதிகாரியிடம் ஒரு கோப்பைக் கொடுத்து, "யூ ஹேட் பெட்டர் சைன் திஸ் டுடே" என்றேன். இன்றே கையெழுத்திட்டால் நல்லது என்ற பொருளில்தான் சொன்னேன்; அவருடைய முகம் மாறிவிட்டது. "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று சொன்னபோதும், மின்னஞ்சலில் "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ" என்று எழுதியபோதும் உடன் பணிபுரிபவர் திருத்தினார். நான் படித்த முறையில் எங்கே பிழை? இன்னும் நூறு தொடர்களைப் படித்தால் சரியாகிவிடுமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று வாக்கியங்களும் ஒரே காரணத்தால் பிசகியவை அல்ல. மின்னஞ்சலில் நேர்ந்தது சொல்லின் வடிவம் பற்றிய பிழை. ஆண்டுக்கணக்கைச் சொன்ன வாக்கியத்தில் நேர்ந்தது காலம் பற்றிய பிழை. மேலதிகாரியிடம் சொன்ன வாக்கியத்தில் இலக்கணப் பிழை என்று எதுவுமே இல்லை. ஆயினும் மூன்றில் அதிகச் சங்கடத்தை உண்டாக்கியது அதுதான் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

"ஹேட் பெட்டர்" என்பதற்குப் பட்டியல்களில் பெரும்பாலும் "செய்வது நல்லது" என்ற பொருள்தான் தரப்படுகிறது. அது தவறில்லை, ஆனால் பாதிதான். பேச்சில் அந்தத் தொடர் வரும்போது, செய்யாவிட்டால் ஏதோ ஒரு கெடுதல் நேரும் என்ற எச்சரிக்கையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. ஆகவேதான் தாய் பிள்ளையிடமும், நண்பர் நண்பரிடமும், அதிகாரம் உள்ளவர் அது இல்லாதவரிடமும் அதைச் சொல்கிறார்கள். தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளவும் அது மிக இயல்பானது: "ஐ ஹேட் பெட்டர் கோ நவ்" என்றால், இப்போது கிளம்பாவிட்டால் தாமதமாகிவிடும் என்ற எண்ணம் அதில் அடங்கியிருக்கிறது. அதே தொடரை ஒரு பணியாளர் மேலதிகாரியை நோக்கிச் சொல்லும்போது, "இன்றே கையெழுத்துப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற தொனி வந்துவிடுகிறது. உங்கள் மேலதிகாரி கேட்டது அந்தத் தொனியைத்தான். நீங்கள் நினைத்த பொருள் அவரைச் சென்றடையவே இல்லை.

இதற்கு ஆழமான காரணம் ஒன்று உண்டு. சொற்றொடர்ப் பட்டியல்களைத் தயாரிப்பவர்கள் அதைப் பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். தமிழில் மரியாதையைச் சுமப்பவை முன்னிலைப் பெயரும் வினையின் ஈறும். "போடு" என்பதைப் "போடுங்கள்" என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. வாக்கியத்தின் மற்றப் பகுதிகளைத் தொடவே வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. நெருங்கியவரையும் இளையவரையும் அழைக்க முன்பு வழங்கிய "தௌ" என்ற சொல் 17ஆம் நூற்றாண்டில் பொது வழக்கிலிருந்து மெல்ல விலகியபின், எல்லோருக்கும் "யூ" ஒன்றே என்றாகிவிட்டது. வினைச்சொல்லும் உதவாது, குழந்தையிடம் சொன்னாலும் தலைமை அதிகாரியிடம் சொன்னாலும் "சைன் திஸ்" என்பது "சைன் திஸ்"தான். எனவே, நாம் "ங்கள்" என்ற ஈற்றில் வைக்கும் மரியாதையை அவர்கள் எந்தத் தொடர் அமைப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் வைக்கிறார்கள். ஒரு தொடரின் பொருளை மட்டும் படித்துவிட்டு, அதை யார் யாரிடம் சொல்வார்கள் என்பதைப் படிக்காமல் விடுவது, தமிழ் கற்கும் ஒருவர் "நீ", "நீங்கள்" இரண்டுக்கும் ஒரே பொருள் என்று குறித்துக்கொள்வதற்குச் சமம்.

கோப்பில் கையெழுத்து வாங்கும் அதே வேலையை எத்தனை படிகளில் கேட்கலாம் என்று பாருங்கள். "கேன் யூ சைன் திஸ்?" என்பது உடன் பணிபுரிபவரிடம் போதுமானது. "குட் யூ சைன் திஸ் டுடே?" என்பது மேலதிகாரியிடம் தயங்காமல் கேட்கக்கூடியது; உங்களுக்கு அன்று வேண்டியிருந்தது இதுதான். "வுட் யூ மைண்ட் சைனிங் திஸ் டுடே?" என்பது அவருக்குச் சிறிது சிரமம் தருகிறோம் என்று நமக்கே தெரிந்திருக்கும்போது பொருந்தும். "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் சைன் திஸ் டுடே" என்பது இன்னும் பணிவானது. மறுப்பதற்கும் அவருக்கு இடம் விட்டுக் கேட்பது. இவற்றில் உயர்ந்த படியையே எப்போதும் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். அருகில் அமர்ந்திருக்கும் தோழியிடம் ஒரு பேனாவுக்காக "ஐ வாஸ் வொண்டரிங்" என்று தொடங்கினால், அவருக்கு அது கேலியாகவோ கோபமாகவோ தோன்றும். "ப்ளீஸ்" என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் எந்தக் கட்டளையும் வேண்டுகோளாகிவிடும் என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. "சைன் திஸ், ப்ளீஸ்" என்பது பணிவு பூசிய கட்டளையே.

இந்தப் படிகளில் உயர உயரக் "கேன்" என்பது "குட்" ஆவதையும், "ஆம்" என்பது "வாஸ்" ஆவதையும் கவனித்திருப்பீர்கள். நிகழ்காலத்தில் கேட்கும் ஒன்றுக்கு இறந்தகால வடிவம் எதற்கு என்ற குழப்பம் பலருக்கு உண்டு. ஆங்கிலத்தில் இறந்தகால வடிவத்துக்குக் காலத்தைச் சுட்டுவதோடு, பேச்சைச் சற்றே தள்ளி வைக்கும் வேலையும் இருக்கிறது. "வுட் ராதர்" என்ற தொடரிலும் இதைக் காணலாம். நம்மைப் பற்றிச் சொல்லும்போது "ஐ வுட் ராதர் வாக்" என்று வினையின் இயல்பான வடிவம் வரும். நடந்து போவதையே விரும்புகிறேன் என்று பொருள். மற்றொருவர் செய்ய வேண்டியதைச் சொல்லும்போது, "ஐ வுட் ராதர் யூ கேம் டுமாரோ" என்று நாளைய செயலுக்கு இறந்தகால வினை வருகிறது. இன்று வராமல் நாளை வந்தால் எனக்கு நல்லது என்பதை நேரடியாக இடிக்காமல் சொல்லும் முறை அது. இதை வாய்பாடாகப் படித்தால் மறந்துவிடும். தள்ளி நின்று பேசும் வடிவம் என்று புரிந்துகொண்டால் "குட்", "வுட்", "வாஸ்" மூன்றும் சேர்ந்தே விளங்கும்.

"வுட் யூ மைண்ட்" என்ற தொடரைப் பற்றி ஒரு குறிப்பு. அதற்குப் பட்டியல்கள் "முடியுமா?" என்று பொருள் எழுதிவிடுவதால், கேட்கப்படுபவர் "யெஸ்" என்று பதில் சொல்லிவிடுகிறார். அந்தக் கேள்வியின் உண்மையான பொருள் "உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்பதே. ஆகவே "நோ, நாட் அட் ஆல்" என்பதுதான் சம்மதம். ஆட்சேபணை உண்டா என்று தமிழில் கேட்டால் நாமும் இல்லை என்று சொல்லித்தான் சம்மதிக்கிறோம்.

அடுத்து, உங்கள் பட்டியலில் அதிகக் குழப்பம் விளைவிக்கக்கூடியது நம்முடைய "வேண்டும்" என்ற ஒரே சொல்லுக்கு எதிராக நிற்கும் தொடர்க் கூட்டம். தேநீர் வேண்டும், நான் போக வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், நீங்கள் ஓய்வெடுக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் நமக்கு அது ஒன்றே போதும். யாருடைய விருப்பம், யாருடைய கட்டளை என்பதைச் சூழலிலிருந்து புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்த "யாருடைய" என்பதை வாக்கியத்திலேயே சொல்லியாக வேண்டும். என் விருப்பம் என்றால் "வாண்ட் டு". தேவை என்றால் "நீட் டு". வெளியிலிருந்து வந்த கட்டாயம் என்றால் "ஹேவ் டு". பேசுபவரே விதிக்கும் கண்டிப்பு என்றால் "மஸ்ட்". அறிவுரை என்றால் "ஷுட்". ஏற்பாட்டின்படியோ விதியின்படியோ மற்றவர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது என்றால் "சப்போஸ்ட் டு".

இவற்றுள் "சப்போஸ்ட் டு" தனிக் கவனத்துக்கு உரியது. "ஐ ஆம் சப்போஸ்ட் டு சப்மிட் திஸ் பை ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்கிழமைக்குள் தருவதாக ஏற்பாடு என்று பொருள். தருவேனா என்பது தனிக் கேள்வி. அதை இறந்தகாலத்துக்கு மாற்றி "ஐ வாஸ் சப்போஸ்ட் டு சப்மிட் திஸ் ஆன் ஃப்ரைடே" என்றவுடன், தர வேண்டியிருந்தது, ஆனால் தரவில்லை என்ற செய்தி கேட்பவருக்குப் போய்விடுகிறது. அடுத்தவரைப் பார்த்து "யூ வேர் சப்போஸ்ட் டு கால் மீ" என்று சொன்னால் அது தகவலாக நிற்காமல் குற்றச்சாட்டாகிவிடும். உரிய நேரத்தில் செய்து முடித்த ஒன்றைப் பற்றி இந்தத் தொடரைப் பயன்படுத்தி, செய்யவில்லை என்ற எண்ணத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்பவர்கள் உண்டு.

எதிர்மறையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. "மஸ்ட்", "ஹேவ் டு" இரண்டும் உடன்பாட்டில் நெருங்கியவை. எதிர்மறையில் அவற்றின் பொருள் முற்றிலும் பிரிந்துவிடும். "யூ மஸ்ட் நாட் கம்" என்றால் வரக் கூடாது. "யூ டோண்ட் ஹேவ் டு கம்" என்றால் வரவேண்டியதில்லை, வந்தாலும் தடையில்லை. தமிழில் "வர வேண்டாம்" என்பது இரண்டுக்கும் பொருந்திவிடுவதால்தான் இந்த இடத்தில் நாம் சறுக்குகிறோம். வாக்கியத்தை மனத்தில் "கூடாது" என்றோ "வேண்டியதில்லை" என்றோ முதலில் பிரித்துக்கொண்டால் சரியான தொடர் தானாக வரும்.

இனி உங்கள் இரண்டாவது வாக்கியம். "இரண்டு ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்" என்பதில் நம் வினை நிகழ்காலம்; கடந்துபோன இரண்டு ஆண்டுகளை "ஆக" என்ற ஒட்டு பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட ஒட்டு இல்லாததால், முன்பு தொடங்கி இப்போதும் நீடிக்கிறது என்ற செய்தியை வினையே சொல்ல வேண்டும்: "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்". "ஃபார்" என்பது கால நீளத்துக்கு. "சின்ஸ்" என்பது தொடங்கிய புள்ளிக்கு. இரண்டு ஆண்டுகள் நீளம் என்பதால் அதற்கு முன் "சின்ஸ்" வராது. 2022 என்றோ போன ஜூன் என்றோ ஒரு புள்ளியைச் சொன்னால் வரும். வேலையை விட்டுவிட்டவர் "ஐ ஒர்க்ட் தேர் ஃபார் டூ இயர்ஸ்" என்று சாதாரண இறந்தகாலத்தில் சொல்வார். ஒருவரைத் தெரியும் என்பது போன்ற நிலையைக் குறிக்கும் வினைகளில் "இங்" சேராது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்: "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்".

காலம் பற்றிய இடங்களில் எப்போதும் தமிழ்தான் நம்மைத் தடுக்கிறது என்று நினைப்பது நியாயமில்லை. "வென் யூ வில் கம், ஐ வில் டெல் யூ" என்று பலர் சொல்கிறார்கள். "நீங்கள் வந்ததும் சொல்கிறேன்" என்பதில் "வந்ததும்" என்ற சொல்லில் எதிர்காலக் குறி எங்கே இருக்கிறது? ஆங்கிலத்திலும் இல்லை: "வென் யூ கம், ஐ வில் டெல் யூ". "ஆஸ் சூன் ஆஸ்", "அன்டில்" ஆகியவற்றுக்குப் பின்னும் அவ்வாறே. எதிர்காலம் என்றால் "வில்" போட்டாக வேண்டும் என்று பாடத்தில் அழுத்திப் படித்ததுதான் இங்கே இடையூறாகிறது.

மின்னஞ்சல் வாக்கியத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் "டு" இரண்டு வகை. ஒன்று "வாண்ட் டு மீட்" என்பதில் வருவது. அது வினையின் பகுதிபோல் நின்று, வினையின் இயல்பான வடிவத்தைக் கேட்கும். மற்றொன்று ஒரு பெயர்ச்சொல்லை எதிர்பார்த்து நிற்பது. அதன் இடத்தில் வினையை வைக்க வேண்டுமானால் "இங்" சேர்த்துப் பெயர்போல ஆக்கிக்கொள்ள வேண்டும். எது எந்த வகை என்று அறிய எளிய சோதனை உண்டு: "டு"வுக்குப் பின் வினையை எடுத்துவிட்டு ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். "லுக்கிங் ஃபார்வர்ட் டு த மீட்டிங்" என்பது நிற்கிறது. ஆகவே "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ". "ஐ வாண்ட் டு த மீட்டிங்" என்பது நிற்கவில்லை. ஆகவே "ஐ வாண்ட் டு மீட் யூ".

இதே சோதனை உங்கள் பட்டியலின் முதல் தொடரையும் தெளிவாக்கும். "ஐ யூஸ்ட் டு ஒர்க் அட் நைட்" என்றால் முன்பு இரவில் வேலை செய்வது வழக்கம், இப்போது இல்லை. "ஐ ஆம் யூஸ்ட் டு ஒர்க்கிங் அட் நைட்" என்றால் இரவில் வேலை செய்வது எனக்குப் பழகிப்போனது. முதலாவதில் பெயர்ச்சொல் நிற்காது. இரண்டாவதில் "ஐ ஆம் யூஸ்ட் டு த நாய்ஸ்" என்று நிற்கும். இன்னும் பழகவில்லை, பழகிக்கொண்டு வருகிறேன் என்றால் "ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு இட்". தமிழில் "வழக்கம்", "பழக்கம்" இரண்டும் ஒலியிலும் பொருளிலும் அருகருகே இருப்பதால், பொருளை மட்டும் படித்தவருக்கு இவை கலந்துவிடுவதில் வியப்பில்லை. ஒன்று கூடுதலாக: எத்தனை ஆண்டு என்று கணக்குச் சொல்லும்போது "யூஸ்ட் டு" வேண்டாம். "ஐ லிவ்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்பதே போதும்.

நீங்கள் கேட்காத, ஆனால் விரைவில் தேவைப்படப்போகும் தொடர் ஒன்று உண்டு. முடி வெட்டிக்கொண்டேன் என்று சொன்னால், வேறொருவர் வெட்டினார் என்பது தமிழில் தானாகவே விளங்கும். "ஐ கட் மை ஹேர்" என்றால் கத்தரிக்கோலை நீங்களே எடுத்தீர்கள் என்று ஆகிவிடும். "ஐ ஹேட் மை ஹேர் கட்" என்பதே பிறரைக்கொண்டு செய்வித்ததைச் சொல்லும். பேச்சில் "ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்" என்று "காட்" வருவதும் உண்டு. இங்கே சொல் வரிசை முக்கியம். "ஐ ஹேட் கட் மை ஹேர்" என்று இரண்டு சொற்களை இடம் மாற்றிவிட்டால், வேறொரு நிகழ்வுக்கு முன்பே என் முடியை நானே வெட்டியிருந்தேன் என்ற பொருள் வந்துவிடும்.

இன்னும் நூறு தொடர்கள் வேண்டுமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களிடம் ஏற்கெனவே உள்ள நூறிலும் சிலவற்றை ஒதுக்கி வைக்கலாம். "நோ சூனர் ஹேட் ஐ" என்று தொடங்கும் தொடர், "டூ", "டு" இரண்டையும் "சோ", "தட்" என்று மாற்றி எழுதும் பயிற்சிகள் ஆகியவை தேர்வுத்தாளுக்கு மதிப்பெண் தருபவை. "திஸ் பேக் இஸ் டூ ஹெவி டு கேரி" என்று எல்லோரும் பேசுகிறார்கள். அதை வேறு அமைப்புக்கு மாற்றும்படி தேர்வுக்கு வெளியே யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை.

அதற்குப் பதிலாக நான் பரிந்துரைப்பது, நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் வினைச்சொற்கள் ஒவ்வொன்றும் எந்த அமைப்பை ஏற்கும் என்று பார்ப்பது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி என்பவர், மாணவர்களுக்குச் சொல்லின் பொருள் தெரிந்தும் வாக்கியம் அமையாததைக் கண்டு, வினைகள் ஏற்கும் அமைப்புகளை 25 வகையாகப் பிரித்து அகராதியிலேயே சேர்த்தார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளியான அந்த அகராதியே, 1948இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வெளியீடாக வந்து, கற்போருக்கான அகராதிகளுக்கு வழிகாட்டியாக அமைந்தது. பொருள் ஒன்றாக இருந்தாலும் அமைப்பு ஒன்றாக இராது என்பதுதான் அதன் அடிப்படை. "அட்வைஸ்", "சஜெஸ்ட்" இரண்டுமே ஆலோசனை கூறுவதுதான். "ஹி அட்வைஸ்ட் மீ டு வெய்ட்" என்பது சரி. "ஹி சஜெஸ்டட் மீ டு வெய்ட்" என்பது தவறு, "ஹி சஜெஸ்டட் வெய்ட்டிங்" என்றோ "ஹி சஜெஸ்டட் தட் ஐ வெய்ட்" என்றோ வர வேண்டும். "டெல் மீ" உண்டு. "எக்ஸ்ப்ளெயின் மீ" இல்லை, "எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ" என்று வரும். "டாக் அபௌட்" உண்டு. "டிஸ்கஸ் அபௌட்" இல்லை, "டிஸ்கஸ்" என்பதற்குப் பின் பேசப்படும் பொருள் நேரடியாகவே வந்துவிடும். கற்போருக்கான எந்த நல்ல அகராதியிலும் இந்த விவரம் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் இருக்கும். நம்மில் பலர் பொருளைக் கண்டவுடன் பக்கத்தை மூடிவிடுகிறோம்.

குறிப்பேட்டை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொடருக்கு எதிரே தமிழ்ப் பொருள் எழுதும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் உங்கள் வேலையில் உண்மையாகவே சொல்லக்கூடிய ஒரு முழு வாக்கியத்தையும், அதை யாரிடம் சொல்வீர்கள் என்பதையும், அவர் என்ன பதில் சொல்வார் என்பதையும் எழுதுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதற்குப் பஞ்சமே இல்லை. நிலுவைத் தொகையை நினைவூட்ட வேண்டும், விடுபட்ட ரசீதைக் கேட்க வேண்டும், ஒரு நாள் அவகாசம் கோர வேண்டும். யாரிடம் சொல்வது என்று எழுத முடியாத தொடர் இன்னும் உங்களுக்குப் புரியாத தொடர். அதைப் பேச்சில் எடுக்காமல், பிறர் சொல்லக் கேட்கும்வரை காத்திருங்கள். வாரத்துக்கு நான்கைந்து தொடர்களுக்கு மேல் எடுக்க வேண்டாம்.

எழுதியதை வாய்விட்டுச் சொல்லும்போது தொடரின் சொற்களைத் தனித்தனியாக நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். இயல்பான பேச்சில் "யூ ஹேட் பெட்டர்" என்பது "யூட் பெட்டர்" என்றும், "ஐ வுட் ராதர்" என்பது "ஐட் ராதர்" என்றும், "ஐ ஹேவ் பீன்" என்பது "ஐவ் பின்" என்றும் சுருங்கிவிடும். இடையில் உள்ள அந்த ஒற்றை மெய் காதில் விழுந்தும் விழாமலும் போகும். படித்த தொடரையே பிறர் சொல்லும்போது அடையாளம் காண முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்தச் சுருக்கமே காரணம். ஆகவே குறிப்பேட்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே, அது காதில் எப்படி ஒலிக்கிறதோ அப்படியே தமிழ் எழுத்தில் ஒரு முறை எழுதி வையுங்கள்.